வருஷத்துக்கு ஒரு நாள் நாற்காலி

"உக்காருடி. நல்லா சாஞ்சு உக்காரு. ஓரத்துல தொத்திக்கிட்டு இருந்தா வேலைக்காரின்னு பச்சையாத் தெரிஞ்சிரும்."

மாமியார் அதட்டியதும் சின்னவள் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். முதுகு நாற்காலியில் பட்டது. பட்டதுமே சுட்டுவிட்டதுபோல முன்னால் வந்துவிட்டது. கூடத்தின் நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே கிடக்கும் அந்தக் கைவைத்த நாற்காலி அவள் கணவனின் அண்ணனான மூத்தாருக்கு உரியது. அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் அவருடைய துண்டு அதில் உட்கார்ந்திருக்கும். அந்த நாற்காலியைத் தினமும் துடைப்பது சின்னவளின் வேலை. அதில் உட்காருவது வருஷத்துக்கு ஒரு நாள் வேலை.

"அத்தை, அடுப்புல பால்..."

"பால் பொங்கினா பொங்கட்டும். இன்னைக்கு நீ வீட்டுக்காரி. வீட்டுக்காரி அடுப்பைப் பத்திப் பேசமாட்டா."

"நல்ல வீட்டுக்காரி!" அடுக்களைக்குள்ளிருந்து ஓரகத்தியின் குரல் வந்தது. "மகாராணி உக்காந்திருப்பா, நான் பால் காய்ச்சணும். என் தலையெழுத்து."

"ஒரு நாள் காய்ச்சினா தேஞ்சு போயிரமாட்டே. வாயை மூடு."

உடுப்பு விஷயத்திலேயே காலையில் பெரிய மாநாடு நடந்து முடிந்திருந்தது. வீட்டின் சொந்தக்காரி மாதிரியும் தெரிய வேண்டும், கதியற்றவள் மாதிரியும் தெரிய வேண்டும் என்றால் லேசான காரியமா? ஓரகத்தி கொடுத்தது பளபளத்தது. சின்னவள் தினமும் உடுத்துவதோ கிழிசல். கடைசியில் தையல்காரர் வீட்டிலிருந்து, ஒரு காலத்தில் நன்றாக இருந்து இப்போது நொந்துபோன ஒன்றை இரவல் வாங்கி வந்தார்கள். டிவிக்கு மேல் போர்வை விழுந்தது. ஃபிரிட்ஜ் பீரோவுக்குப் பின்னால் போனது. வண்டி மூத்தாரின் நண்பர் கடைக்குப் போனது. மாடிக்கதவுக்கு ஒரு பெரிய பூட்டு, பூட்டுக்கு மேல் ஒட்டடை. அந்த ஒட்டடை எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடாது, மாமியார் கைவேலைக்காரி.

இத்தனை கூத்தும் எதற்கு என்றால், வீட்டு வரிக்கு.

வருமானம் இல்லாத விதவை சொந்த வீட்டில் தனியாகக் குடியிருந்தால் அவளுக்கு வரி கிடையாது என்று நகராட்சி எப்போதோ ஒரு சலுகை வைத்தது. வைத்தவர்கள் நல்ல மனசோடுதான் வைத்திருப்பார்கள். அந்தத் தெரு அந்த நல்ல மனசைப் பிடித்துக் கசக்கிச் சாறு எடுத்துவிட்டது. கணக்குப்படி அங்கே முக்கால்வாசி வீடுகளுக்குச் சொந்தக்காரிகள் கதியற்ற விதவைகள். சொந்தத்தில் விதவை வாய்த்த வீடுகள் அதிர்ஷ்டசாலிகள். வாய்க்காத வீடுகள் எங்கேயாவது போய் ஓர் அத்தையையோ பெரியம்மாவையோ ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வரும். வரி பார்க்க ஆள் வருகிற அன்று தெருவிலுள்ள ஆண்கள் எல்லாரும் காலையில் செத்துப்போவார்கள். சாயங்காலம் காபிக்குத் திரும்பி வந்துவிடுவார்கள்.

பழைய வரி வசூல்காரர் இருந்தவரை இது ஒரு சிரமமே இல்லை. வாசலோடு நின்று, "அம்மா சௌக்கியமா?" என்பார். நாற்காலியில் இருக்கும் உருவத்தைப் பார்த்தும் பார்க்காமலும் எழுதுவார். மூத்தார் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் காகிதத்தையும், கூடவே ஒரு கவரையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்திருப்பது ஒரு பொம்பளை ஆபீசர். கையில் அளக்கிற டேப்போடு வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறாளாம். அவள் இந்தத் தெருவில் கால் வைப்பதற்கு முன்பே தெரு அவளுக்கு 'டேப்பம்மா' என்று பேர் வைத்தாகிவிட்டது.

அதனால்தான் காலையில் கடைக்குக் கிளம்பும்போது மூத்தார் சின்னவளைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்:

"இங்க பாரு. நான் தனியா இருக்கேன், இந்தக் கூடத்துலதான் படுக்கிறேன், என் புருஷன் விட்டுட்டுப் போன வீடு. இந்த மூணுதான் உன் வாய்ல வரணும். சலுகை போச்சுன்னா, உன் அண்ணன் வீட்டுக்கு வண்டி ஏத்தி விட்டுருவேன்."

"சரி மாமா."

அண்ணன் வீடு எப்படி என்று அவளுக்குத் தெரியும். போன தடவை போனபோது பை தரையில் படுவதற்கு முன்பே, "எப்ப திரும்பறீங்க?" என்று அண்ணி கேட்டுவிட்டாள். அண்ணன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். இருப்பது ஒரே அறை. அதில் அவர்களே ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

கணவன் இறந்த வருஷம், முதல் தடவையாக அவளைக் கொண்டுவந்து இந்த நாற்காலியில் உட்காரவைத்தபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் கணவனுக்காகத் தனக்கு மரியாதை செய்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். மூத்தாரே துண்டை எடுத்துவிட்டு, "உக்காரும்மா" என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் துண்டு திரும்பி வந்தது. அவளுடைய படுக்கை கூடத்திலிருந்து மாடிப்படிக்கு அடியிலுள்ள பொந்துக்குப் போனது. அதற்கப்புறம் கூடத்துக்குள் துடைப்பத்தோடும் ஈரத்துணியோடும் மட்டும்தான் வந்தாள்.

மற்ற நாட்களில் அவளுக்கு வேலை தண்ணீர். அந்தத் தெருவுக்குக் குழாய் கிடையாது. பெரிய சாலை வரைக்கும் நகராட்சி புதுக் குழாய் போட்டு, தெருமுனையில் இரும்பு மூடி வைத்து மூடிவிட்டது. அங்கிருந்து ஒரு அடி நகரவில்லை. சாலையோரப் பொதுக் குழாயில் வரிசையில் நின்று பிடித்துத்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு வரவேண்டும். வழியில் இடுப்பு விட்டுப்போகும்போது சின்னவள் குடத்தை இறக்கி வைப்பது அந்த இரும்பு மூடியின் மேல்தான். மூடிக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கும். நின்று கேட்டுவிட்டு மறுபடி குடத்தைத் தூக்குவாள்.

குழாய் வராததில் வருத்தப்படாத ஒரே ஆள் மூத்தார். தண்ணீர் பிடித்து வைக்கிற பிளாஸ்டிக் ட்ரம் கடை வைத்திருப்பவருக்குக் குழாய் எதற்கு?

"வந்துட்டா, வந்துட்டா!" ஜன்னலில் இருந்த மாமியார் குதித்தாள். "வாத்தியார் வீட்டுல இருந்து வெளிய வர்றா. முகமே சரியில்ல. ஏய், சாஞ்சு உக்காரு! நாங்க அடுக்களைல இருக்கோம். மூச்சு விடமாட்டோம்."

அடுக்களைக் கதவு ஒருக்களித்துச் சாத்திக்கொண்டது. தனியாகக் குடியிருக்கும் விதவையின் அடுக்களையில் இரண்டு பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அம்மா, உள்ள வரலாமா?"

ஆபீசர் நடுத்தர வயதுக்காரி. தோளில் பை, கையில் டேப், நெற்றியில் வேர்வை. நாற்காலியைப் பார்த்தாள், நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தாள், போர்த்தியிருந்த டிவியைப் பார்த்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்கதான் வீட்டுக்காரம்மாவா?"

"ஆமாங்க. என் புருஷன் விட்டுட்டுப் போன வீடு. நான் தனியா இருக்கேன். இந்தக் கூடத்துலதான் படுக்கிறேன்."

கேட்காததற்கும் சேர்த்து ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டாள். அடுக்களைக்குள் யாரோ நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் லேசாகக் கேட்டது.

"சந்தோஷம். கொஞ்சம் அந்த ஃபேனைப் போடுங்கம்மா. வெயில்ல நாலு வீடு ஏறி இறங்கினதுல உயிர் போகுது."

சின்னவள் எழுந்தாள். சுவருக்குப் போனாள். அங்கே வரிசையாக சுவிட்சுகள். அந்தப் பலகையை அவள் ஈரத்துணி படாமல் சுற்றித் துடைத்திருக்கிறாளே தவிர, அதில் எதையும் அமுக்கியது கிடையாது. கூடத்து ஃபேன் அவளுக்காக ஓடுவதில்லை. அமுக்கவேண்டிய தேவையும் வந்ததில்லை. முதலாவதைத் தட்டினாள். வாசல் விளக்கு பட்டப்பகலில் பளிச்சென்று எரிந்தது. இரண்டாவதைத் தட்டினாள். போர்வைக்கு அடியிலிருந்து ஓர் ஆண்குரல் கணீரென்று சோப்பு விளம்பரம் சொல்ல ஆரம்பித்தது. பதறி அதை அணைத்தாள். மூன்றாவதில் எதுவுமே நடக்கவில்லை. அதையே மறுபடி தட்டினாள்.

"விடுங்கம்மா, விடுங்க. வந்து உக்காருங்க," என்றாள் ஆபீசர். குரலில் கோபம் இல்லை. தானே எழுந்து போய் ஓரத்திலிருந்ததைத் தட்டினாள். ஃபேன் சுற்றியது.

அந்த நேரம் பார்த்து அடுக்களையில் பால் பொங்கியது. சுர்ரென்ற சத்தம், கருகல் வாடை. கூடவே 'டக்' என்று அடுப்பு அணைந்தது.

ஆபீசர் அடுக்களைக் கதவைப் பார்த்தாள்.

"உங்க வீட்டு அடுப்பு நல்ல அடுப்பும்மா. தானாவே அணைஞ்சுக்குது."

ஆபீசர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. காலைல இருந்து இதைத்தான் பாக்குறேன். எதிர்ல வாத்தியார் வீட்டுல ஒரு பெரியம்மாவைப் பாத்தேன். சொந்த வீடு, தனியா இருக்கேன்னாங்க. அதுக்கு முன்னாடி நாலு வீடு தள்ளி, அதே பெரியம்மா. உடுப்பு வேற, கண்ணாடி அதே. நான் வாசல் வழியா நடந்து வர்றதுக்குள்ள பின்பக்கமா ஓடி வந்திருக்காங்க. மூச்சு வாங்குது அந்தம்மாவுக்கு. நான்தான் தண்ணி எடுத்துக் குடுத்தேன்."

அந்தப் பெரியம்மாவைச் சின்னவளுக்குத் தெரியும். இரண்டு வீட்டிலும் சேர்த்து இரண்டு வேளை சாப்பாடு கிடைக்கும் என்று வந்து போகிற ஜீவன். அதை நினைத்ததும் பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆபீசரும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"தண்ணிக்கு என்ன பண்றீங்க?"

"மெயின் ரோட்டுல போய்ப் பிடிப்பேங்க."

"நீங்கதானா?"

"நான்தான். எல்லாருக்கும்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"தெருமுனையில குழாய் வந்து நிக்குதே, அது ஏன் உள்ள வரலைன்னு தெரியுமா?"

"ரோடு சரியில்லன்னு சொன்னாங்க."

"ரோடெல்லாம் ஒண்ணும் இல்ல. உள்ள தோண்டணும்னா பணம் வேணும். எங்களுக்கு எங்கயிருந்து வரும்? தெருவுல இருந்துதான் வரணும். மேல இருந்து கடன் வாங்கலாம்னு போனா, 'உங்க ஊர்ல வசூல் எவ்வளவு, காட்டு'ங்கறான். இந்தத் தெருவைக் காட்டினா சிரிக்கிறான். மாடி வீடா நிக்குது, ஆனா ஒருத்தர்கூட வரி கட்டறதில்ல. எல்லாரும் கதியத்த விதவைங்க." அவள் டேப்பின் நுனியை இழுத்து விட்டாள். அது சுருக்கென்று உள்ளே போனது. "பக்கத்துத் தெரு கட்டுச்சு. அங்க குழாய் போயிருச்சு. வெளக்கும் எரியுது."

சின்னவள் இடுப்பில் கை வைத்தாள். குடம் உட்கார்ந்து உட்கார்ந்து அங்கே தோல் காய்த்துப் போயிருந்தது. இத்தனை வருஷமும் அந்த இரும்பு மூடி யாரோ கண்ணுக்குத் தெரியாத பெரிய மனுஷர் வைத்தது என்று நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால், வருஷத்துக்கு ஒரு நாள் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து அந்த மூடியை இறுக்கிவிட்டுப் போனது அவளேதான். மற்ற நாட்களில் அதன்மேல் குடத்தை வைத்துவிட்டு மூச்சு வாங்கியதும் அவளேதான்.

"வீட்டை நான் அளந்துருவேன்," ஆபீசர் தொடர்ந்தாள். "சுவர் பொய் சொல்லாது. ஆனா குடியிருக்கிறது யாரு, எங்க குடியிருக்காங்கங்கறதை நீங்கதான் சொல்லணும். இந்தக் கூடம்னு நீங்க சொன்னா, கூடம்னுதான் நான் எழுதணும். அடுத்த வருஷமும் வருவேன். அப்பவும் அப்படியே எழுதுவேன். சொல்லுங்கம்மா. எங்க படுக்கிறீங்க?"

அடுக்களைக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. அந்த இடுக்கில் மாமியாரின் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண்ணில் அண்ணன் வீட்டுக்குப் போகிற வண்டி தெரிந்தது. செருப்பைத் தேடிக் குனிகிற அண்ணன் தெரிந்தார். சொன்னால் கூரை போகும். சொல்லாவிட்டால் இந்தக் கூரைக்குக் கீழே சாகிறவரை குடம். இரண்டு பக்கமும் சுவர்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"வாங்க," என்றாள்.

பின்கட்டுக்குப் போய், மாடிப்படிக்கு அடியிலிருந்த பலகைக் கதவைத் தள்ளினாள். உள்ளே போகக் குனிய வேண்டும். உள்ளே போனாலும் நிமிர முடியாது. ஒரு பக்கம் கடையில் இடமில்லாமல் கொண்டுவந்து அடுக்கிய நீல நிற ட்ரம்கள். மீதி இடத்தில் ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, தையல்காரருக்காகப் பொத்தானுக்குக் காஜா எடுத்து முடித்த சட்டைகள் ஒரு குவியல். ஜன்னலும் இல்லை, விளக்கும் இல்லை.

ஆபீசர் முழங்காலில் ஊர்ந்து உள்ளே வந்தாள். பாயின் நீளத்தைக் கையால் சாண் போட்டுப் பார்த்தாள்.

"காலை எங்க நீட்டுவீங்க?"

"நீட்டமாட்டேங்க. மடக்கிக்குவேன். பழகிருச்சு."

"டேப்போட அந்த முனையைப் பிடிங்க."

சின்னவள் பிடித்தாள். அந்த நேரத்தில்தான் அடுக்களையின் மூச்சு உடைந்தது.

"அடிப்பாவி! உண்ட வீட்டுக்கே குழி தோண்டறியே!"

மாமியார் கைகளை விரித்துக்கொண்டு வந்து நின்றாள். ஆபீசர் பொந்துக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்டாள்: "நீங்க யாரும்மா? இந்தம்மா தனியாத்தானே இருக்காங்க?"

"நான்... நான் அவ மாமியார். பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"பால் வச்சுட்டா?"

ஓரகத்தி போன் போட்டு, மூத்தார் வந்து சேர்வதற்குள் வாசலில் தெருவே கூடிவிட்டது. காலையில் செத்துப்போன ஆண்களில் பாதிப் பேர் சாயங்காலம் வரை பொறுக்காமல் உயிரோடு வந்து நின்றார்கள்.

மூத்தார் கடுகடுவென்று வந்தவர், ஆபீசரைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி போனதுல இருந்து இவளுக்கு மனசு ஒரு நிலையா இல்ல. நாங்க தெய்வமா வச்சுப் பாத்துக்கறோம். இவளாத்தான் போய் அந்தப் பொந்துல படுத்துக்கறா."

"அப்படியா? சரி." ஆபீசர் உடுப்பிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டாள். "ஒரே ஒரு கேள்விதான் சார். இது யாரு வீடு?"

"மேடம்?"

"இது தம்பி சம்சாரத்தோட வீடு, எனக்கு இதுல பங்கு இல்லன்னு வருஷா வருஷம் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அது நெசம்னா உங்களுக்கு வரி ஒண்ணும் இல்ல. நீங்க எல்லாரும் இந்தம்மா வீட்டுல குடியிருக்கீங்கன்னு எழுதிக்கறேன். மாடியையும் இவங்க பேர்லயே எழுதிக்கறேன். இல்ல, வீடு என்னுதுன்னா, முழு வரி. விட்டுப்போன வருஷத்துக்கும் சேர்த்து. எதுன்னு சொல்லுங்க."

மூத்தார் சின்னவளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அவர் மனசுக்குள் தராசு ஆடுவது வாசல்வரை தெரிந்தது. இத்தனை வருஷமாக 'அவ வீடுதான், அவ வீடுதான்' என்று காகிதத்தில் உருகி உருகி எழுதியவர்.

"என் வீடு," என்றார். "என் வீடுதான். எழுதிக்குங்க. கட்டித் தொலைக்கிறேன்."

வீட்டை அவளுக்கு ஒரு நிமிஷமாவது கொடுப்பதைவிட நகராட்சிக்குப் பணம் கொடுப்பது மேல் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கூட்டத்தில் யாரோ, "அப்ப சின்னவ வீட்டுலதான் இத்தனை நாளும் இவர் வாடகை குடுக்காம இருந்தாரா?" என்று கேட்டு அடி வாங்காமல் தப்பித்தார்.

மூத்தார் திரும்பினார். "ஏய், சாயங்காலத்துக்குள்ள பெட்டியைக் கட்டு."

"கட்டச் சொல்லலாம்," என்றாள் ஆபீசர். "ஆனா இந்த மாடிப்படிக்கு அடியில ஒருத்தங்க குடியிருக்காங்கன்னு தனிக் கதவு நம்பர் போட்டு, விதவைச் சலுகையை அதுக்கு மட்டும் வச்சு எழுதிட்டேன். நாளைக்கு வந்து பாக்கும்போது அவங்க இல்லன்னா ஏன் இல்லன்னு கேப்பேன். அந்தப் பழைய கையெழுத்தை எல்லாம் வெளிய எடுத்து வச்சுட்டுத்தான் கேப்பேன்."

பிறகு சின்னவளிடம் தனியாகச் சொன்னாள்: "அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. இதனால இந்த இடம் உங்களுதுன்னு ஆயிராது. நீங்க இங்க இருக்கீங்கன்னு ஆபீஸ் சொல்ற சாட்சி, அவ்வளவுதான். என்னால முடிஞ்சது இது."

"போதுங்க," என்றாள் சின்னவள். போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆபீசர் போனாள். வீடு அப்படியே இருந்தது, அதுதான் கொடுமை. யாரும் அவளை அடிக்கவில்லை, யாரும் அவளோடு பேசவும் இல்லை. அவளுக்குத் தனி அடுப்பு. அதைப் பின்கட்டு முற்றத்தில் வைத்துக்கொண்டாள். அவள் நடந்த இடத்தில் ஓரகத்தி வேண்டுமென்றே துடைப்பத்தைப் போட்டுப் பெருக்கினாள். நகராட்சி ஆட்கள் ஒரு இரும்புத் தகட்டில் புது நம்பர் அடித்துப் பொந்தின் கதவில் மாட்டிவிட்டுப் போனார்கள். நல்ல சங்கிலிதான் அந்த நம்பர். அவளை வெளியே தள்ள முடியாமல் கட்டியிருந்தது. அவளாலும் வெளியே போக முடியாமல் கட்டியிருந்தது.

தெருவில் மற்ற நாற்காலிகளும் ஒன்றொன்றாகக் காலியாயின. டேப்பம்மா திரும்பத் திரும்ப வந்தாள். "இவ ஒருத்தி வாயைத் திறந்தா, எல்லார் வீட்டுலயும் மண்ணு விழுந்துச்சு" என்று பொதுக் குழாயடியில் அவள் காதுபடப் பேசினார்கள். இரவல் பெரியம்மா மட்டும் ஒருநாள் அவளைத் தேடிக்கொண்டு பொந்துக்கு வந்தாள்.

"நல்ல காரியம் பண்ணினேடி. ஆனா எனக்கு அந்த ரெண்டு வேளைச் சோறு போச்சு," என்றாள். சின்னவள் அவளை உட்காரவைத்துத் தன் அடுப்பில் வெந்ததைப் பங்கு போட்டாள். ட்ரம்களுக்கு நடுவில் இரண்டு பேரும் காலை மடக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

வரி வசூலாயிற்று. அடுத்த கோடைக்கு முன்பே தெருமுனையில் இரும்பு மூடியைப் பெயர்த்தார்கள். மண்வெட்டிச் சத்தம் கேட்டதும் சின்னவள் குடத்தோடு ஓடிப்போய்ப் பார்த்தாள். குழாய் வீடு வீடாக நுழைந்தது. மூத்தார் கெட்டுப்போகிற ஆளா? கடையில் ட்ரம்மை ஓரங்கட்டிவிட்டுக் குழாயும் திருகும் விற்க ஆரம்பித்தார். நகராட்சிக்குப் பணம் கட்டச் சொல்லித் தெருவைத் திருத்தியதே தான்தான் என்று வாங்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டார். தன் வீட்டில் அடுக்களையில் ஒன்று, குளியலறையில் ஒன்று, மாடியில் இரண்டு என்று வைத்துக்கொண்டார். மாடிப்படிக்கு அடியில் வைக்கவில்லை.

முதல் நாள் தண்ணீர் வந்தபோது சின்னவள் அடுக்களை வாசலில் குடத்தோடு போய் நின்றாள்.

"என்ன?" என்றாள் ஓரகத்தி.

"ஒரு குடம் பிடிச்சுக்கறேன் அக்கா."

"இது வரி கட்டுற வீட்டுத் தண்ணி. நீதான் சலுகைக்காரியாச்சே. மெயின் ரோட்டுல பிடிச்சுக்கோ. பழகின வழிதானே?"

உள்ளே மாமியார் கிளுக்கென்று சிரித்தாள். சின்னவள் குடத்தைக் கீழே வைத்தாள். பொந்துக்குள் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து காஜாக் கூலியை எடுத்து முடிந்துகொண்டாள்.

நகராட்சி அலுவலகத்தில் வசூல் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா கதவு நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்களுக்குக் கட்டவேண்டியது ஒண்ணும் இல்லம்மா. விதவைதானே? சலுகை இருக்கு. வீட்டுக்குப் போங்க."

"சலுகை வேணாங்க. எடுத்துருங்க."

"எதை எடுக்கறது?"

"சலுகையை. எவ்வளவு ஆகுதோ கட்டுறேன். ரசீது குடுங்க."

"சும்மா விடுறதை யாராவது வேணாம்பாங்களாம்மா?"

"சும்மா விட்டதைத்தான் இத்தனை வருஷம் இடுப்புல வச்சுத் தூக்கினேன். போதும். கட்டிக்குங்க."

குமாஸ்தா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த ஜன்னலுக்கு இப்படி ஒரு ஆள் வந்ததே இல்லை. அதிகம் வாங்கிவிட்டார்கள் என்று சண்டை போட வருவார்கள். கொஞ்சம் வாங்கிக்கொள் என்று சண்டை போட இவள்தான் வந்திருக்கிறாள். தொகை என்னவோ அற்பம்தான். அந்தப் பொந்துக்கு அதற்குமேல் போட முடியாது. அவள் பேரை முழுசாகக் கேட்டு எழுதினார். அவள் பேர் கடைசியாக யார் வாயில் வந்தது என்று அவளுக்கே நினைவில்லை. சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

ரசீதை வாங்கிக்கொண்டவள் நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"என் கதவுக்கு ஒரு குழாய் வேணும். அதுக்கு எங்க எழுதிக் குடுக்கணும்?"

"அதுக்கு மேடம் வரணும். நேரமாகும். அப்படி உக்காருங்க."

ஜன்னலுக்கு எதிரில் ஒரு நாற்காலி கிடந்தது. கை ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி. அதன் மேல் யாருடைய துண்டும் இல்லை. சின்னவள் போய் உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டாள். உள்ளே புழுக்கமாக இருந்தது. பக்கத்துச் சுவரில் ஒரே ஒரு சுவிட்ச். எழுந்து தட்டினாள். மேலே ஃபேன் அசையவில்லை. இன்னொரு தடவை தட்டினாள்.

"அது ஓடாதும்மா, ரொம்ப நாளாச்சு," என்றார் குமாஸ்தா.

சின்னவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கையில் ரசீது இருந்தது.

"ஏன் ஓடாது? வரி கட்டுறோம்ல? ரிப்பேர் பண்ணுங்க."